அணுவின் படத்தைக் கடைசியில் வரையுங்கள்: திருகோணமலை வகுப்பறையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

"சேர், நீங்கள் அணுவைப் பார்த்திருக்கிறீர்களா?"

பின்வாங்கிலிருந்து வந்த கேள்வி. அப்போதுதான் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் கருவைக் குறித்து, சுற்றிலும் மூன்று வளையம் இழுத்து, 2, 8, 1 என்று இலத்திரன்களை வைத்துச் சோடியம் அணுவை முடித்திருந்தேன். "பாடநூலில் இருக்கிறதே, பார்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூலகத்துக்குப் போய்விட்டேன். பல ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பதில் இன்றும் மனதை உறுத்துகிறது. வியன்னாவில் வாழ்ந்த ஏர்ண்ஸ்ற் மாக் என்ற பெரிய பௌதிகவியலாளர் 19ஆம் நூற்றாண்டு முடியும்வரை இதே இடத்தில்தான் நின்றார். புலனுக்கு எட்டாத அணுவை உண்மைப் பொருளாகப் பேச விஞ்ஞானத்துக்கு என்ன உரிமை என்று கேட்டார். அவருக்குப் பதில் தேட உலகம் பல பத்தாண்டுகள் பாடுபட்டது. நான் அரை நிமிடத்தில் ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பாடத்தின் வரிசையை மாற்றினேன். இப்போது வட்டமும் வளையமும் கடைசி நாளில்தான் கரும்பலகைக்கு வருகின்றன. அதுவரை ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: "இது எப்படித் தெரியும்?" தரம் 10இல் சடப்பொருளின் கட்டமைப்பு படிப்பிக்கும் ஆசிரியருக்காக, 40 நிமிடப் பாடவேளைகள் பத்துக்குள் அடங்கும்படி இதை எழுதுகிறேன். பத்து கிடைக்காவிட்டாலும் எதை விடவே கூடாது என்பதையும் இடையில் சொல்கிறேன்.

தேவையான பொருட்கள் பெரும்பாலும் வீட்டிலும் கடையிலும் கிடைப்பவை: நூறு புளியங்கொட்டை, ஒரே பையில் வாங்கிய ஐம்பது போளை, கழுவிய யோகட் கோப்பைகள், அகன்ற தட்டு, முகப்பவுடர், சிறிய போத்தலில் ஒலிவ் எண்ணெய், 9 வோல்ற்று மின்கலம், இரண்டு பென்சில், அப்பச்சோடா, கொண்டிஸ் (பொட்டாசியம் பரமங்கனேற்று), வலுவான காந்தம், கைவில்லை, கறிக்கடுகு.

படி 1: ஒரு தாளை வெட்டுங்கள்

ஏ4 தாளை நீளவாக்கில் ஒரு பட்டையாகக் கிழித்துக் கொடுங்கள். பாதியாக வெட்டச் சொல்லுங்கள். பாதியில் பாதி. அதில் பாதி. எட்டாவது வெட்டில் ஒரு மில்லிமீற்றர் அளவுத் துண்டு கையில் நிற்கும், கத்தரிக்கோல் மறுத்துவிடும். "இப்படியே முடிவில்லாமல் போகலாமா, எங்கேயாவது நின்றாக வேண்டுமா?" என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். கையை உயர்த்தச் சொல்லி, இரு பக்கத்து எண்ணிக்கையையும் கரும்பலகையின் மூலையில் எழுதி, கடைசி நாள்வரை அழிக்காமல் வைத்திருங்கள்.

இதே சண்டைதான் 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் நடந்தது. வெட்ட முடியாத ஒன்று இருந்தாக வேண்டும் என்றார் டெமோக்கிரிற்றஸ். அரிஸ்ரோட்டில் அதை ஏற்கவில்லை. இந்தியாவில் வைசேடிகம் என்ற தத்துவ மரபினரும் பரமாணு பற்றி விரிவாகச் சிந்தித்தார்கள். இந்த இடத்தில் பிள்ளைகளிடம் நேர்மையாக இருக்க வேண்டும். "அணுவை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று சொல்வது கேட்க இனிக்கும், ஆனால் அது அந்தச் சிந்தனையாளர்களுக்கும் நியாயம் செய்யாது. அவர்கள் செய்தது ஆழமான தர்க்கம். நிறுத்துப் பார்க்கவும் அளந்து பார்க்கவும் அவர்களிடம் வழி இருக்கவில்லை. அணு என்ற பழைய சொல்லும் "மிகமிகச் சிறியது" என்ற பொருளில்தான் வழங்கியது. இன்றைய அணு வேறு, அதற்கு ஆதாரம் வேறு.

எத்தனையாவது வெட்டில் உண்மையில் அணுவின் அளவு வரும் என்று யாராவது கேட்டால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். 31 என்ற அந்த எண்ணை ஐந்தாம் படிக்குப் பிறகு அவர்களே கணக்கிடுவார்கள்.

படி 2: புல்மோட்டை மணல்

புல்மோட்டை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து கப்பலேறும் கனிய மணலைப் பற்றி வீட்டில் பேசக் கேட்டிருக்கும் பிள்ளைகளுக்கே அதற்குள் என்ன இருக்கிறது என்பது தெரிவதில்லை. ஒரு பிடி மணலைத் தாளில் பரப்பி, காந்தத்தைத் தாளுக்கு அடியில் நகர்த்துங்கள். கறுப்பு மணிகள் காந்தத்தோடு இழுபட்டு வரும், வெள்ளை மணிகள் அப்படியே கிடக்கும். கைவில்லையால் பார்த்தால் கறுப்பிலும் ஒரு பளபளப்புத் தெரியும். அந்தக் கறுப்பு மணிகளில் பெரும்பங்கு இல்மனைற்று, அதாவது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை. கூடவே ரூற்றைலும் சிர்க்கோனும் உண்டு. சிறிதளவு மொனசைற்றும் உண்டு. மொனசைற்றின் பெயரை ஒரு பக்கமாக எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அது மீண்டும் வரும்.

1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற ஒரு தேவாலயப் பாதிரியார் இதுபோன்ற கறுப்பு மணலை எடுத்து, காந்தத்தால் பிரித்து, அமிலத்தில் கரைத்து, இரும்பை விலக்கிப் பார்த்தார். அன்று தெரிந்த எந்த மூலகத்தோடும் பொருந்தாத ஒன்று மிஞ்சியது. பிறகு ஜேர்மனியில் கிளப்ரொத் 1795இல் அதே பொருளை வேறொரு கனியத்தில் கண்டு டைட்டேனியம் என்று பெயரிட்டார். உங்கள் மாணவர் தாளில் பிரித்துவைத்திருக்கும் மணல் அந்த வேலையின் முதல் நிலை. இதைச் சொன்னவுடன் சில பிள்ளைகள் மணலைப் பொத்தி எடுத்துப் பைக்குள் வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூலகம், சேர்வை, கலவை என்ற மூன்று சொற்களும் இங்கேயே தெளிந்துவிடும். காந்தத்தால் பிரிந்தது கலவை. அமிலமும் நெருப்பும் கொண்டு பிரித்தது சேர்வை. அதற்கு மேல் எதைச் செய்தும் பிரியாதது மூலகம். 1789இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் லவோசியே வெளியிட்ட மூலகப் பட்டியலில் 33 பெயர்கள் இருந்தன, அவற்றுள் ஒளியும் வெப்பமும்கூட இடம்பெற்றிருந்தன. பிழைகளையும் காட்டுங்கள். பெரியவர்களும் பிழைவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் பிள்ளை துணிந்து கையை உயர்த்துகிறது.

படி 3: மூடிய கோப்பைகளும் தாற்றனின் பொறியும்

இந்தப் படியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

யோகட் கோப்பைகளில் வெவ்வேறு எண்ணிக்கையில் போளைகளைப் பஞ்சோடு வைத்து அடைத்து, ஆடாதபடி வாயை ஒட்டிவிடுங்கள். ஒரு கண்ணாடிப் போளை ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். கோப்பையும் பஞ்சும் எவ்வளவு என்பதைச் சொல்லிவிட்டு, கடைத் தராசில் நிறுக்கச் சொல்லுங்கள். முதல் குழுவுக்கு 2, 3, 5, 8 போளைகள் உள்ள கோப்பைகள். அவர்களுக்கு 10, 15, 25, 40 கிராம் வரும். ஒன்றுகூட 12 இல்லை, 18 இல்லை. "உள்ளே ஐந்து ஐந்து கிராமாக ஏதோ துண்டுகள் இருக்கின்றன" என்று அவர்களே சொல்வார்கள். திறந்து பார்க்காமலே அறிந்துவிட்டார்கள். ஜோன் தாற்றன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது இதுதான். 12 கிராம் காபன் 16 கிராம் ஒட்சிசனோடு சேர்கிறது, அல்லது 32 கிராமோடு சேர்கிறது. இடையில் 20 கிராமோடு சேர்வதில்லை. பொருள் துண்டு துண்டாக இருந்தால்தான் இப்படி நடக்கும்.

இனி இரண்டாம் குழு. அவர்களுக்கு இரட்டை எண்ணிக்கையில் மட்டும் போளை வைத்துக் கொடுங்கள்: 2, 4, 6, 8. அவர்கள் 10, 20, 30, 40 என்று நிறுத்து, "ஒரு துண்டு 10 கிராம்" என்று உறுதியாக அறிவிப்பார்கள். இரு குழுவும் மோதும். மோத விடுங்கள். இரு பக்கமும் அளவில் பிழையே விடவில்லை, ஆனாலும் ஒரு பக்கத்தின் முடிவு பிழை.

இரண்டாம் குழு விழுந்த குழியில்தான் தாற்றனும் விழுந்தார். நீரில் ஓர் ஐதரசனும் ஓர் ஒட்சிசனும் இருப்பதாக அவர் கொண்டார், எளிமையானது அதுதானே என்ற எண்ணத்தில். அதனால் 1808இல் வெளியிட்ட அட்டவணையில் ஒட்சிசனின் நிறையை 7 என்று போட்டார். அக்கால அளவீட்டின் குறையை நீக்கினாலும் 8 வந்திருக்கும். இன்று நாம் 16 என்கிறோம். நிறையை மட்டும் வைத்து எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் வேறென்ன வழி?

படி 4: நீரைப் பிரித்தல்

ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, இரு முனையும் சீவிய பென்சில்களை மின்கலத்தோடு இணைத்து அமிழ்த்துங்கள். பென்சில்களுக்கு மேல் நீர் நிரப்பிய பரிசோதனைக் குழாய்களைக் கவிழ்த்துவையுங்கள். எதிர்முனையில் குமிழிகள் கூட்டமாக எழும், நேர்முனையில் ஏறத்தாழ அதன் அரைப்பங்கு. பென்சில் கரியோடு ஒட்சிசன் சிறிது தாக்கமுறுவதாலும், கொஞ்சம் நீரிலேயே கரைவதாலும் அரைப்பங்கிலும் குறைவாகவே சேரும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் பாடநூலுக்கு ஏற்றபடி அளவைத் திருத்தி எழுதிவிடுவார்கள்.

அப்பச்சோடாவுக்குப் பதிலாக உப்பைப் போடாதீர்கள். உப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது, நிலாவெளி உப்பளமும் பக்கத்தில் இருக்கிறது என்ற எண்ணத்தில் ஒரு மார்கழி மாதம் நான் போட்டேன். வெளியே வாடைக்காற்றோடு அடைமழை, யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சில நிமிடங்களில் குளோரின் நெடி எழுந்து முன்வரிசைப் பிள்ளைகள் இருமத் தொடங்கினார்கள். எல்லாரையும் வெளி விறாந்தைக்கு அனுப்பிவிட்டு மின்கலத்தைக் கழற்றினேன். யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் அன்று அந்தப் பிள்ளைகளின் முகத்தில் பார்த்த பயத்துக்கு நான்தான் பொறுப்பு.

இரண்டுக்கு ஒன்று என்ற கனவளவு விகிதத்திலிருந்து இத்தாலிய விஞ்ஞானி அவகாதரோவுக்குப் போகலாம். ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையான மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811இல் அவர் சொன்னார். அதை ஏற்றால் நீரில் ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று. தாற்றனின் குழி மூடப்பட்டுவிட்டது. ஆனால் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 1860இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் கூடிய மாநாட்டில் கனிசாரோ அதை மீண்டும் எடுத்துப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஓர் இளைஞர் மெண்டலீவ். அணுநிறைகள் சரியாகக் கைக்கு வந்த பிறகுதான் 1869இல் அவருடைய ஆவர்த்தன அட்டவணை பிறக்க முடிந்தது.

அட்டவணைக்கு ஒரு பாடவேளை போதும். மூலகங்களின் நிறையும் குணமும் எழுதிய அட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள், ஜேர்மானியத்தின் அட்டையை மட்டும் உங்கள் சட்டைப்பையில் ஒளித்துக்கொள்ளுங்கள். இடைவெளியைக் கண்டு அதில் வர வேண்டியதன் நிறையை அவர்களே ஊகிக்கட்டும். மெண்டலீவ் ஊகித்தது 72. 1886இல் விங்கிளர் அந்த மூலகத்தைக் கண்டெடுத்து அளந்தபோது வந்தது ஏறத்தாழ 72.3. அட்டையை அந்த நேரத்தில் வெளியே எடுங்கள்.

படி 5: ஒரு துளி எண்ணெய்

என் பத்துப் பாடவேளைகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. கடலோரப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கப் பாடுபடவே தேவையில்லை. படகிலிருந்து சிந்திய எண்ணெய் எவ்வளவு தூரம் படரும், அந்த இடத்தில் நீர் எப்படி வழவழப்பாக அடங்கிப்போகும் என்பதை இறங்குதுறையில் நின்று பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். பெஞ்சமின் பிராங்கிளினும் கப்பற் பயணத்தில் இதைக் கண்டுதான் வியந்தார். பிறகு இலண்டனின் கிளபம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அடங்கியது. 1774இல் அதை எழுதி வெளியிட்டார். அந்தப் படலம் எவ்வளவு தடிப்பு என்று மட்டும் அவர் கணக்குப் பார்க்கவில்லை. உங்கள் மாணவர் பார்க்கப் போகிறார்கள்.

சவர்க்காரம் துளியும் ஒட்டாதபடி கழுவிய, குறைந்தது 40 சென்ரிமீற்றர் அகலமுள்ள தட்டில் ஒரு விரல் உயரம் நீர் ஊற்றுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலையும் சாத்தாமல் இதைச் செய்யவே முடியாது. புழுக்கத்தில் எல்லாருக்கும் வியர்க்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீர் அசைவற்று நின்றதும் முகப்பவுடரை மிக மெல்லிதாகத் தூவுங்கள். மெல்லிய கம்பியின் நுனியை ஒலிவ் எண்ணெயில் தொட்டு எடுத்து, அதில் தொங்கும் துளியை அளவுகோலின் அருகே பிடித்துக் கைவில்லையால் பாருங்கள். அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள துளி வேண்டும். பெரிதாக இருந்தால் துடைத்துவிட்டு மறுபடி தொடுங்கள்.

அந்தத் துளியை நீரின் நடுவில் மெல்லத் தொடுங்கள்.

பவுடர் நாலா பக்கமும் விலகி ஓடும். கண் இமைப்பதற்குள் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வட்டம் திறக்கும். வகுப்பிலிருந்து ஒரு சத்தம் எழும், அது எந்த வகுப்பிலும் தவறியதில்லை. பிறகு ஓட்டம் நின்றுவிடும். எண்ணெய் மேலும் படராது. "ஏன் நின்றது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "இதற்கு மேல் மெல்லிதாக முடியாது சேர்" என்று ஒரு பிள்ளை சொல்லும். படி 1இல் கத்தரிக்கோலுக்கு எட்டாத இடத்தை எண்ணெய் எட்டிவிட்டது.

கணக்கு இப்படி வரும். அரை மில்லிமீற்றர் கோளத்தின் கனவளவு ஏறத்தாழ 0.065 கன மில்லிமீற்றர். வட்டத்தின் விட்டம் 20 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 31,400 சதுர மில்லிமீற்றர். வகுத்தால் ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு, அதாவது 2 நனோமீற்றர். இது எண்ணெய் மூலக்கூறின் நீளத்தை ஒட்டிய அளவு, அணுவின் அளவில்லை. இரண்டையும் குழப்ப விடாதீர்கள். ஒலிவ் எண்ணெயின் கொழுப்பமிலச் சங்கிலியில் பெரும்பாலும் 18 காபன்கள் இருக்கின்றன. 2 நனோமீற்றரை 18ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.1 நனோமீற்றர். ஒரு பிளாஸ்ரிக் தட்டும் பவுடரும் கொண்டு அணுவின் அளவை நெருங்கிவிட்டார்கள். இப்போது தாளை எத்தனை முறை வெட்ட வேண்டும் என்று கணக்கிடச் சொல்லுங்கள்.

ஜேர்மனியில் அக்னஸ் பொக்கல்ஸ் என்ற பெண் பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமல், வீட்டுச் சமையற்கட்டிலேயே தகரத் தொட்டி ஒன்றை வைத்து நீர்ப்பரப்பின்மேல் படரும் எண்ணெய்களை அளந்துவந்தார். இங்கிலாந்திலிருந்த பௌதிகவியலாளர் றேலி பிரபு அவருடைய கடிதத்தைப் படித்து வியந்து, 1891இல் அது விஞ்ஞான இதழில் வெளிவர உதவினார். இந்தக் கதையைப் பெண்பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் சொல்லாமல் விடாதீர்கள். ஆண்பிள்ளைகள் மட்டும் இருக்கும் வகுப்பிலும் சொல்லுங்கள்.

படி 6: நம்பாதவர்களை நம்பவைத்தது எது?

ஒரு குவளையில் சூடான நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர். இரண்டிலும் ஒவ்வொரு கொண்டிஸ் பளிங்கு. சூட்டில் ஊதா நிறம் விரைந்து பரவும். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்து, ஒவ்வொன்றின் சூடும் வேறு என்று உணர்ந்த பிள்ளைகளிடம், அந்தச் சூடு என்பது துணிக்கைகளின் வேகம்தான் என்று இந்த இடத்தில் சொல்லலாம்.

பாடசாலையில் நுணுக்குக்காட்டி இருந்தால் ஒரு துளி பாலில் நிறைய நீர் கலந்து 400 மடங்கு உருப்பெருக்கத்தில் காட்டுங்கள். கொழுப்பு மணிகள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். 1827இல் றொபேட் பிரௌன் மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்மணிகளில் இந்தத் துடிப்பைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் நின்று மோதுவதால் இது நிகழ்கிறது என்று 1905இல் ஐன்ஸ்ரைன் கணக்குப் போட்டுக் காட்டினார். பாரிஸில் ஜோன் பெரின் 1908 முதல் ஒரு மரப்பிசினின் நுண்மணிகளைப் பொறுமையாக எண்ணியும் அளந்தும் அந்தக் கணக்கு சரியென்று நிறுவினார். அணுக்கொள்கையைத் தீவிரமாக எதிர்த்துவந்த ஜேர்மன் இரசாயனவியலாளர் ஒஸ்வால்ட், 1909இல் தன் நிலையை மாற்றிக்கொண்டு அதை வெளிப்படையாகவே எழுதினார். பின்வாங்குப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலின் முதற்பாதி இது.

படி 7: பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது?

1897இல் ஜே. ஜே. தொம்சன் கதோட்டுக் கதிர்களில் எல்லா உலோகத்துக்கும் பொதுவான ஒரு சிறு துணிக்கையைக் கண்டார். வெட்ட முடியாதது என்று பெயர்பெற்ற அணுவுக்குள்ளிருந்து ஒரு துண்டு வெளியே வந்துவிட்டது. வத்தகப்பழத்தில் விதைகள் பதிந்திருப்பதுபோல நேரேற்றத்துக்குள் இலத்திரன்கள் பதிந்திருப்பதாக அவர் எண்ணினார். அந்தப் படத்தைப் பரிவோடு கற்பியுங்கள். அன்று கையிலிருந்த ஆதாரத்துக்கு அது நல்ல படம்.

பிறகு பிள்ளைகளைத் தரையில் இருத்துங்கள். ஓர் அகன்ற பலகையைச் சிறு கற்களின்மேல் இரண்டு விரல் உயரத்தில் வையுங்கள். அதன் அடியில் நீங்கள் முன்பே ஒளித்துவைத்த மரக்கட்டை ஒன்று இருக்கட்டும். எந்தப் பிள்ளையும் குனிந்து பார்க்கக் கூடாது. பக்கங்களிலிருந்து போளையை உருட்டி, எங்கே நேராகப் போகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே வந்த வழியே மீள்கிறது என்று பலகைமேல் விரித்த தாளில் கோடு இழுக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் கட்டையின் வடிவம் தாளில் தெளியும். போளை விளையாட்டில் கெட்டிக்காரர்களான பிள்ளைகள், பாடத்தில் பின்தங்கியவர்களாக நாம் எண்ணியவர்கள், இங்கே குழுவுக்குத் தலைமை தாங்குவார்கள்.

1909இல் மான்செஸ்ரரில் றதபோட்டின் வழிகாட்டலில் கைகரும் மார்ஸ்டனும் இதையே அல்பா துணிக்கைகளையும் பொன்னிதழையும் கொண்டு செய்தார்கள். மார்ஸ்டனுக்கு அப்போது இருபது வயது, இன்னும் பட்டம் பெறாத மாணவர். இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, திரையில் மின்னும் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பெரும்பாலானவை நேரே போயின. ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒன்று பின்னால் தெறித்தது. 15 அங்குலப் பீரங்கிக் குண்டு மெல்லிய தாளில் பட்டுத் திரும்பி வந்ததுபோல இருந்தது என்று றதபோட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது 15 அங்குலப் பீரங்கி பூட்டிய பிரித்தானியப் போர்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றது நம்முடைய துறைமுகத்தில்தான். அந்தக் குண்டு ஒன்றே 850 கிலோவுக்கு மேல் என்று சொன்னால், அவர் எவ்வளவு திகைத்தார் என்பது பிள்ளைகளுக்கு விளங்கும். 1911இல் அவர் முடிவை வெளியிட்டார்: அணுவின் நிறை ஏறத்தாழ முழுவதும் நடுவில் ஒரு நுண்ணிய கருவில் இருக்கிறது.

அந்த நுண்மையைக் காட்ட வகுப்பை மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். ஒரு கறிக்கடுகை நடுவில் ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, சுற்றிலும் 15 மீற்றர் தூரத்தில் பிள்ளைகளை வட்டமாக நிறுத்துங்கள். கடுகு பொன் அணுவின் கரு, அவர்கள் நிற்பது அணுவின் விளிம்பு. "கடுகு தெரிகிறதா?" என்று கேளுங்கள். தாளே ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

புரோத்தன், 1932இல் சட்விக் கண்ட நியூத்திரன், அணுவெண்ணின் பொருளை 1913இல் வெளிக்கொணர்ந்து 27 வயதில் கலிப்போலிப் போர்முனையில் உயிரிழந்த மோஸ்லி ஆகியோரின் கதைகளை ஒரே பாடவேளையில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

படி 8: பலாங்கொடைக் கல்லும் புளியங்கொட்டையும்

மொனசைற்று மீண்டும் வருகிறது. அதில் தோரியம் என்ற கதிர்த்தொழிற்பாட்டு மூலகம், அதாவது தானாகவே சிதைந்து கதிர் வீசும் மூலகம், உண்டு. மீனவர் கடலுக்குக் கொண்டுபோன பெற்றோமக்ஸ் விளக்கின் மெந்தலை வெள்ளையாக ஒளிரச் செய்ததும் தோரியம் ஒட்சைட்டுதான். இக்காலத்து மெந்தல்கள் பலவற்றில் அது இல்லை. பழைய மெந்தலை உடைத்துக் காட்டாதீர்கள், அதன் தூசு உள்ளே போகக் கூடாது. கதிர்த்தொழிற்பாட்டுக் கனியம் எதையும் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள்.

இனி நம் நாட்டுக்கே உரிய ஒரு கதை. ஆனந்த குமாரசுவாமி என்றால் கலை வரலாற்று அறிஞர் என்றுதான் பலருக்கும் தெரியும். ஆனால் அவர் படித்தது புவிச்சரிதவியல். இலங்கையின் கனிய அளவைத் திணைக்களத்துக்கு முதல் பணிப்பாளராக இருந்தபோது, பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த, கறுத்த, கனத்த, சதுரமுகி வடிவப் பளிங்குகளை ஆராய்ந்து விவரித்தார். இலண்டனில் பகுத்துப் பார்த்தபோது அது தோரியம் நிறைந்த புதிய கனியம் என்று தெரிந்தது. 1904இல் தோரியனைற்று என்று பெயர் பெற்றது. இலண்டனில் ராம்சே என்ற இரசாயனவியலாளரின் ஆய்வுகூடத்துக்கு வேலை பழக வந்த இளைஞர் ஒட்டோ ஹான், 1905இல் இந்த இலங்கைக் கனியத்திலிருந்து பெற்ற உப்பிலேயே ரேடியோதோரியம் என்ற புதிய பொருளைக் கண்டார். அதைத் தோரியத்திலிருந்து இரசாயன முறையில் பிரிக்கவே முடியவில்லை. ஒரே மூலகத்துக்கு வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள் இருக்கலாம் என்று 1913இல் சொடி விளக்கியபோதுதான் அந்தப் புதிர் அவிழ்ந்தது. சமதானி என்ற வரைவிலக்கணத்தை மனனம் செய்யும் பிள்ளைக்கு, அந்தக் கருத்துக்குப் போன வழி சப்ரகமுவாவின் ஆற்று மணலைத் தொட்டுத்தான் போனது என்று தெரிய வேண்டும்.

அரைவாழ்வு என்பது கதிர்த்தொழிற்பாட்டு அணுக்களில் பாதி சிதைய எடுக்கும் காலம். அதைக் காட்டப் புளியங்கொட்டை. நூறு கொட்டைகளின் ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள், தாயம் ஆடத் தேய்ப்பதுபோல. கிண்ணத்தில் குலுக்கிக் கொட்டி, வெள்ளை மேலே தெரிபவற்றைச் சிதைந்த அணுக்களாகக் கொண்டு எடுத்துவிடுங்கள். மிஞ்சியதை எண்ணி எழுதி, மறுபடி குலுக்குங்கள். சரிபாதியாக விழாது, கொட்டையின் வடிவம் அப்படி. நூறு, அறுபது, முப்பத்தாறு என்ற போக்கில் குறையலாம். அதுவும் நல்லதே, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே பங்குதான் போகிறது என்பது வரைபில் தெளிவாகத் தெரியும். எந்தக் கொட்டை அடுத்து விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, கூட்டம் எவ்வளவு குறையும் என்பதை மட்டும் சொல்லலாம். தோரியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள், பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி. பூமி உருவானபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் இருக்கிறது, புல்மோட்டை மணலிலும்.

அதே ஒட்டோ ஹான் 1938இல் பேர்ளினில் ஸ்ராஸ்மனோடு யுரேனியத்தை நியூத்திரனால் தாக்கியபோது பேரியம் தோன்றியது. யூதப் பின்னணியால் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த பௌதிகவியலாளர் லீசா மைற்னர், தன் சகோதரியின் மகன் பிரிஷோடு சேர்ந்து, கரு பிளந்துவிட்டது என்று விளக்கினார். ஏழு ஆண்டுகள் கழிய முன்னரே 1945 ஓகஸ்ற் மாதத்தில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. குண்டு செய்யும் வேலைக்கு அழைத்தபோது மைற்னர் மறுத்தார். நம் பிள்ளைகள் பலரின் வீடுகளில் போரின் நினைவு இன்னும் ஆறவில்லை. ஆகவே காளான் மேகப் படத்தைக் காட்டி வியக்கவைக்க நான் விரும்புவதில்லை. நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன், கேள்விகளுக்கு நேரம் விடுகிறேன். மகரகமைக்குப் போய்க் கதிர்ச் சிகிச்சை பெற்ற உறவினரைப் பற்றி யாராவது பேசினால் பாடத்தை நிறுத்திக் கேட்கிறேன்.

படி 9: இப்போது வரையுங்கள்

ஈரமான ஈர்க்கில் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டுங்கள். கடும் மஞ்சள் எழும். சோடியம் எப்போதும் அதே மஞ்சளையே தருகிறது. இலத்திரன்கள் குறிப்பிட்ட சக்திமட்டங்களில் மட்டுமே இருக்க முடியும் என்று 1913இல் நீல்ஸ் போர் என்ற விஞ்ஞானி சொன்னது இப்படிப்பட்ட நிறங்களை விளக்கத்தான். இந்த மஞ்சளைக் கண்ட பிறகு கரும்பலகைக்குப் போய் வட்டத்தைப் போடுங்கள். 2, 8, 1. வரைந்த கையோடு படத்தின் குறைகளைப் பிள்ளைகளிடமே கேளுங்கள். கரு மிகப் பெரிதாக இருக்கிறது என்று மைதானத்தில் நின்றவர்கள் சொல்வார்கள். இலத்திரன் பஸ்போல ஒரே பாதையில் ஓடுவதில்லை, இன்ன இடத்தில் இருக்கும் சாத்தியம் இவ்வளவு என்றுதான் சொல்ல முடியும் என்பதை நீங்கள் சேருங்கள்.

முதல் நாள் கேள்வியின் மறுபாதிக்கும் பதில் சொல்லுங்கள். ஒளியின் அலைநீளம் அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது, ஆகவே சாதாரண ஒளியால் தனி அணுவின் உருவத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. 1981இல் சூரிச்சில் பின்னிங்கும் றோரரும் ஒரு கூரிய ஊசியைப் பரப்புக்கு மிக அருகில் நகர்த்தி, கசியும் மின்னோட்டத்தை வைத்து அணுக்களின் மேடுபள்ளத்தைத் தடவி அறியும் கருவியைச் செய்தார்கள். 1989இல் ஐபிஎம் நிறுவனத்தின் வேறு ஆய்வாளர்கள் அத்தகைய கருவியால் 35 செனன் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ஐபிஎம் என்று மூன்று எழுத்தை எழுதினார்கள். அந்தப் படத்தைக் காட்டும்போது பலகைக்கு அடியில் உருட்டிய போளைகளை நினைவூட்டுங்கள்.

மதிப்பீட்டுக்குப் பரீட்சைப் பாணியில் வினாக்கள் இருக்கட்டும், அவை தேவை. கூடவே ஒன்று கொடுங்கள்: "அணு என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறார் உங்கள் அம்மப்பா. படம் வரையாமல், நீங்கள் செய்த இரண்டு பரிசோதனைகளைக் கொண்டு அவருக்கு விளக்கி எழுதுங்கள்." சென்ற முறை ஒரு மாணவி இரண்டாவது பரிசோதனையை எழுதவே இல்லை. விடைத்தாளில் இப்படி இருந்தது: "அம்மப்பாவைத் தட்டுக்குப் பக்கத்தில் இருத்தி, எண்ணெயை அவர் கையாலேயே தொட வைத்தேன். வட்டம் நின்ற இடத்தை அவர் விரலால் காட்டினார். பிறகு மற்றதைக் கேட்கவில்லை."

முழுப் புள்ளி போட்டேன்.